நூற்று நாற்பத்துநான்கு புள்ளிகள்

கண்டியில் நடந்த கூட்டத்தில் சண்முகவடிவின் வரைபைத் திரையில் போட்டபோது, அது சவர்க்காரத் தண்ணீரில் ஊறிய கடதாசி மாதிரி இருந்தது. கோடுகள் படிக்கட்டுப் படிக்கட்டாக உடைந்திருந்தன. எண்கள் உப்பிப் பருத்திருந்தன. மழைக்கு ஒரு கோடு, விளைச்சலுக்கு ஒரு கோடு. எது எந்தக் கோடு என்று வரைந்தவளுக்கே தெரியவில்லை.

கம்பனியின் இயக்குநர்களில் ஒருவரான திருமதி அபேகோன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, “இது என்ன, நுவரெலியாப் பனியா?” என்று கேட்டார். சுற்றியிருந்த, தோட்டங்களை நடத்தும் துரைமார் சிரித்தார்கள்.

திரைக்குப் பக்கத்தில் நின்ற மயூரதனும் சிரித்தார். அவர் அட்டன் வட்டாரத்துக்குக் கம்பனியின் பயிர் ஆய்வு அதிகாரி. யாழ்ப்பாணத்துக்காரர். வடிவுக்கு மேலதிகாரி.

“என்ன செய்வது மேடம்?” என்றார் ஆங்கிலத்தில். “என் உதவியாளர் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த பெண். கம்பியூட்டரை இப்போதுதான் கண்ணால் காண்கிறாள்.”

இந்த முறை சிரிப்பு இன்னும் பலமாக எழுந்தது. வடிவு புரொஜெக்டரின் வயரைக் கையில் பிடித்தபடி சுவர் ஓரமாக நின்றிருந்தாள். பேராதனையில் விஞ்ஞானப் பட்டம் பெற்றவள். அந்த வரைபுக்காக இரண்டு வருடத்து மழைக் கணக்கைத் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிச் சேர்த்தவள். பட்டங்களோடு மயூரதனின் பெயர் முதல் பக்கத்தில் இருந்தது. அவளுடைய பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. படம் கலங்கியதற்குக் காரணமாக மட்டும் அவள் அந்த மண்டபத்தில் இருந்தாள்.

கலக்கியது அவர்தான். அவள் கொடுத்தது துலக்கமான படம். அவர் அதை வேர்டில் ஒட்டி, அங்கிருந்து பெயிண்டுக்குக் கொண்டுபோய், ஜேபெக் ஆகச் சேமித்து, திரை நிறைய வர வேண்டும் என்று கடைசியில் மூலையைப் பிடித்து இழுத்திருந்தார். இதையெல்லாம் அவள் அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அவள், பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பி நடந்து வருகிற ஆள்.

திரும்பி வரும்போது வேனில் அவள் அழவில்லை. கினிகத்தேனையில் ஏற்றம் தொடங்கியதிலிருந்து வட்டவளை வரும்வரை ஒரே விஷயத்தைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். இந்த மனுசன் இதே ஆட்கள் முன்னால், இதே மாதிரித் திரைக்குப் பக்கத்தில் நின்று, வாயடைத்துப் போக வேண்டும். அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் போதாது. பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

கொட்டகலையில் இருந்த அவர்கள் அலுவலகத்தில் மூன்று அறைகள், ஒரு கம்பியூட்டர். கம்பியூட்டர் லோஜனாவின் பொறுப்பு. அவரும் யாழ்ப்பாணம்தான். தட்டச்சு, கடிதம், தேநீர், வாய் எல்லாம் அந்த அலுவலகத்தில் அவருடையது. லோஜனா மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகும் ஒரு மணி நேரத்தை வடிவு எடுத்துக்கொண்டாள். மென்பொருளின் உதவிப் பக்கங்களை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள்.

படத்தில் இரண்டு சாதி இருந்தது. ஒன்று, நிறக் கட்டங்களை அடுக்கிச் செய்தது. பெரிதாக்கினால் கட்டமும் பெரிதாகும், படம் உடையும். மற்றது வெக்டர். பள்ளிக்கூடக் கணிதத்தில் திசையுள்ள அளவுக்குக் காவி என்று படித்த அதே சொல். அதில் படம் படமாக இருப்பதில்லை. இங்கிருந்து அங்கே ஒரு கோடு, இந்த இடத்தில் ஒரு வட்டம், இந்த எழுத்து இவ்வளவு உயரம் என்று கட்டளைகளாக இருக்கிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் கம்பியூட்டர் அந்தக் கட்டளைகளை வாசித்துப் புதிதாக வரைகிறது. அதனால் அது உடைவதே இல்லை.

அது அவளுக்குப் பிடித்துப்போனது. படித்துக்கொண்டிருந்த பக்கத்தை மறுபடியும் மேலே தள்ளி இன்னொரு தடவை வாசித்தாள்.

மழை வரைபை மறுபடி வரைந்து, ஈ.எம்.எஃப். என்ற வகையில் சேமித்து, பவர்பொயிண்டில் ‘கோப்பிலிருந்து படம்’ என்ற வழியாக நேரே உள்ளே கொண்டுவந்தாள். நடுவில் வேர்டும் இல்லை, பெயிண்டும் இல்லை. மயூரதனைக் கூப்பிட்டுக் காட்டினாள். கொன்ட்ரோலை அழுத்திக்கொண்டு மவுஸின் சக்கரத்தை உருட்டச் சொன்னாள். நூறு, இருநூறு, நானூறு வீதம். கோடு கத்தியால் கீறியது மாதிரி நின்றது.

மயூரதன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி உருட்டி உருட்டிப் பார்த்தார்.

“அட, உடையேல்லையே! வடிவு, இது வடிவாக் கிடக்கு. இதைப் போன கூட்டத்துக்குச் செய்திருந்தால் நான் அவமானப்பட்டிருக்க மாட்டனே.”

“ஆமாங்க சேர்.”

“அடுத்த கூட்டத்தில அவையளுக்கு முன்னால இதை உருட்டிக் காட்டுறன். பனியாம், பனி!”

“காட்டுங்க சேர்” என்றாள் வடிவு.

அந்த வருடம் 2003. கம்பனி ஒரு பெரிய வேலை கொடுத்திருந்தது. கொழுந்து எடுக்கும் பெண் ஒருத்தி நாளுக்குப் பதினாறு கிலோ எடுத்தால்தான் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் அவளுக்கு முழுப்பேர் விழும். குறைந்தால் அரைப்பேர். அரை நாள் உழைப்புத்தான் கணக்கு. அந்தப் பதினாறைப் பதினெட்டு ஆக்கலாமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பதினெட்டு என்று சொன்னால் மயூரதனுக்குக் கொழும்புத் தலைமையகத்துக்கு மாற்றம் கிடைக்கும் என்பது லோஜனாவுக்கும் தெரிந்திருந்தது.

கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் ஒன்பது பெண்களைக் கங்காணி தெரிந்து கொடுத்தார். வடிவின் அம்மா மீனம்மாவும் அவர்களில் ஒருத்தி. செக்ரோல் நம்பர் 212. வடிவு ஒரு வருடம் முழுக்க, கிழமைக்கு இரண்டு நாள், தராசடியில் நின்று ஒவ்வொருவருடைய கொழுந்தையும் எழுதினாள். அந்த மலையைக் கடைசியாக எடுத்து எத்தனை நாள் ஆகியிருக்கிறது என்பதையும் எழுதினாள். யாராவது வராத நாட்களைக் கழித்துவிட்டால் எண்ணூற்று எழுபத்தொரு நிறுவைகள். கீழ் அச்சில் நாட்கள், பக்க அச்சில் கிலோ, ஒரு நிறுவைக்கு ஒரு புள்ளி. புள்ளிகள் படம் முழுக்கச் சிதறிக் கிடந்தன. சராசரி பதினான்கு.

மயூரதன் திரையைப் பார்த்தார். பேனா முனையால் கீழ்ப் பாதியைத் தட்டினார்.

“இதென்ன, நுளம்புக் கூட்டம் மொய்ச்ச மாதிரி?”

“தை, மாசி வரட்சிங்க சேர். அப்புறம் ஆடி மழை. அப்ப கொழுந்து வராது.”

“சித்திரை வைகாசி?”

“அப்ப நல்லா வரும்ங்க. இருவது கிலோகூட வரும்.”

“அப்ப அந்த ரெண்டு மாசத்தை மட்டும் வையும். மிச்ச நுளம்பை எல்லாம் அடிச்சுக் கலையும்.”

வடிவு மெதுவாக, “அப்ப தலைப்ப மாத்தணும்ங்களே சேர். பன்னெண்டு மாசம்னு போட்டிருக்கோம்” என்றாள்.

“தலைப்பு நல்லாத்தான் கிடக்கு. தலைப்பைத் தொடாதையும்.” எழுந்தவர் கதவருகில் நின்று திரும்பினார். “எல்லாத்துக்கும் கேள்வி கேக்கிற பழக்கம் உமக்கு எங்க பழகினது? லயத்தில கேக்க மாட்டீங்களே ஆக்கள்.”

“சரிங்க சேர்.”

ஏப்ரல், மே என்ற அந்த இரண்டு மாதத்தை மட்டும் வைத்தால் புள்ளிகள் நூற்று நாற்பத்துநான்கு. சராசரி பத்தொன்பதரை. கீழ் அச்சில் தேதி கிடையாது, நாட்கணக்குத்தான். பார்க்கிற யாருக்கும் சந்தேகம் வராது.

ஒரு கிழமை கழித்து ஒரு பின்னேரம் அவள் வீட்டுக்குப் போனபோது மீனம்மா வேலைக்கு இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்து வாசல் கம்பியில் போட்டுக்கொண்டிருந்தாள். மழையில் நின்ற கால்விரல்கள் வெளிறிச் சுருங்கியிருந்தன. ரொட்டியையும் சம்பலையும் மகளுக்கு எடுத்து வைத்துவிட்டு எதிரே குந்தினாள்.

“ஏண்டி, பதினெட்டு ஆக்கப் போறாங்களாமே? காலைல பெரட்டுல வேலை பிரிக்கிறப்ப பேசிக்கிறாங்க.”

“தெரியலம்மா.”

“ஆபிசுல இருக்கிற ஒனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? யாரோ படம் போட்டுக் காட்டப் போறாங்களாம். படத்துல நாங்க எல்லாரும் நல்லா எடுக்கிறோமாம். அந்தப் படம் போட்டவன ஆடி மாசத்துல ஒரு நாளைக்குக் கூடைய மாட்டிக்கிட்டு மேமலைக்கு வரச் சொல்லு. அட்டைக்குக் கால குடுத்துட்டு அப்புறம் படம் போடட்டும்.”

வடிவின் வாயில் ரொட்டி அப்படியே நின்றது.

“என்னாடி முழிக்கிற? ஒறைக்குதா?”

“இல்லம்மா.”

“பதினாறுக்கே மாசத்துல பாதி நாள் அரைப்பேர். பதினெட்டுன்னா நான் கெடக்கேன், பொன்னுத்தாயி என்னா செய்வா? அவளுக்குக் கை நடுங்குது.” மீனம்மா தண்ணீர்க் கோப்பையை மகளிடம் நகர்த்தினாள். “யாருடி போட்டது அந்தப் படத்த?”

வடிவு தண்ணீரைக் குடித்தாள்.

அதுவரை அவளுக்கு மயூரதனின் வாயை அடைத்தால் போதும் என்றிருந்தது. எப்படி அடைப்பது என்று தெரியாமல் ஒரு வருடமாக வைத்திருந்தாள். இப்போது தெரிந்தது. அந்த வரைபு கூட்டத்தில் தேறினால் கம்பனியின் ஐந்து தோட்டங்களுக்கும் பதினெட்டு. போட்டது அவள் கை. ஆக, அந்த வரைபு கூட்டத்திலேயே, அவர் கையாலேயே, சாக வேண்டும்.

மறுநாள் மதிய வேளையில் தொடங்கினாள். ஒவ்வொரு புள்ளியையும் ஒரு சின்ன வட்டமாக மாற்றினாள். வட்டத்துக்குள் இரண்டு வரி. மேலே தேதி, கீழே செக்ரோல் நம்பர். 14-5, 212. எழுத்து எவ்வளவு சின்னது என்றால், திரையில் சாதாரணமாகப் பார்க்கும்போது வட்டம் கறுத்த புள்ளியாகத்தான் தெரிய வேண்டும். நானூறு வீதத்துக்கு உருட்டினால் மட்டும் வாசிக்க வேண்டும்.

முதல் தடவை சரிவரவில்லை. உருட்டிப் பார்த்தால் எழுத்துக்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மைக் கட்டியாக நின்றன. சின்னதாக வரைந்து சேமித்தால், கோப்பு அளவுகளை முழு எண்ணுக்கு ஒதுக்கிவிடுகிறது என்று இரண்டு நாள் கழித்துப் பிடித்தாள். அப்புறம் வரைபைச் சுவர் அளவு காகிதத்துக்கு வரைவது போலப் பெரிதாக வரைந்து, பெரிதாகவே சேமித்து, பவர்பொயிண்டுக்குள் கொண்டுவந்த பிறகு சுருக்கினாள். சுருக்கினாலும் உள்ளே அளவு கெடவில்லை. நூறு வீதத்தில் கறுத்த புள்ளி. நானூறில் பதினான்கு, வைகாசி, அம்மா.

தேதி மட்டும் போதாதா, நம்பர் எதற்கு என்று ஒரு தடவை யோசித்தாள். நம்பர் இல்லாவிட்டால் ‘பிள்ளை கற்பனையில் எழுதியிருக்கு’ என்று அவர் தப்பிவிடுவார். நம்பர் இருந்தால் செக்ரோலோடு ஒத்துப் பார்க்கலாம். வைத்தாள். எண்ணூற்று எழுபத்தொரு புள்ளிகளும் உள்ள முழு வரைபையும் அதே மாதிரி செய்து தனி ஃப்ளொப்பியில் போட்டுக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இனி அவள் செய்ய வேண்டியது ஒன்றுதான். மயூரதனின் படம் கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் பெயிண்டில் போட்டாலும் சரி, ஜேபெக் ஆக்கினாலும் சரி, தேதிகள் கரியாகிவிடும். அந்த அலுவலகத்தில் அவருக்கு அவ்வளவு விசுவாசமாக யாரும் வேலை செய்ததில்லை. அவர் பவர்பொயிண்டைத் திறந்தால் பின்னால் போய் நின்றாள். மூலையைப் பிடித்து இழுக்கவோ சக்கரத்தை உருட்டவோ போனால், “சேர், நான் செய்றேங்க” என்றாள். அவர் படத்தைத் தற்செயலாக இரண்டு தடவை சொடுக்கி, ‘இதை வரைபொருளாக மாற்றவா?’ என்று கம்பியூட்டர் கேட்டபோது, அவர் விரலுக்கு முன்னால் அவள் விரல் ‘இல்லை’யைத் தட்டியது.

“நல்ல கரிசனை” என்றார் மயூரதன் லோஜனாவிடம். “போன வருசம் வாங்கின சொல்லு வேலை செய்யுது.”

கூட்டத்துக்கு முந்தின நாள் அவள் தோட்டத்துக்குப் போய்ப் பதினொரு மணிக்குத்தான் வந்தாள். கோப்பைத் திறந்து உருட்டினாள். எல்லாப் புள்ளியும் கரி. கோடுகள் படிக்கட்டு.

“லோஜனாக்கா, இத யாராவது தொட்டாங்களா?”

“நான்தான். சேர் ஃப்ளொப்பியில போடச் சொன்னவர். ஒன்பது எம்.பி. கிடந்தது. தேயிலைப் படம், பங்களாப் படம், துரைமாற்ற நாய்ப் படம்கூட வைச்சிருக்கிறார் மனுசன். எல்லாத்தையும் ஜேபெக் ஆக்கிச் சுருக்கினன். இப்ப அளவாக் கொள்ளுது.”

“இந்த ஒன்ன மட்டும் மறுபடி வைக்கணும்க்கா.”

“ஐயோ பிள்ளை, பிறகு ஃப்ளொப்பி கொள்ளாது.”

“கொள்ளும்க்கா. இது தொண்ணூறு கே.பி.தான். நீங்க சுருக்கினதுதான் பெரிசு. பாருங்க.”

லோஜனா பார்த்தார். கலங்கிய படம் முந்நூறு, துலக்கமான படம் தொண்ணூறு. நம்பாமல் மறுபடி பார்த்தார். “இதென்ன விண்ணாணம்” என்று சொல்லிக்கொண்டே, வடிவு எடுத்துக் கொடுத்த கோப்பை உள்ளே வைத்துவிட்டு, மயூரதன் செய்வது மாதிரி கொன்ட்ரோலை அழுத்திச் சக்கரத்தை உருட்டினார்.

வடிவுக்குத் தடுக்க நேரமிருக்கவில்லை.

திரையில் ஒரு வட்டம் பெரிதாக நின்றது. 22-4. 207. லோஜனா பக்கத்து வட்டத்துக்கு நகர்ந்தார். பிறகு அடுத்ததுக்கு. பிறகு மேலே போய்த் தலைப்பை வாசித்தார். ‘பன்னிரண்டு மாத அவதானிப்பு.’ மறுபடி கீழே வந்தார். அவர் அந்த அலுவலகத்தில் பதினோரு வருடம். எல்லாக் கடிதத்தையும் அடித்தவர். அவருக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

உள்ளறையில் மயூரதன் தொலைபேசியில் சிரித்துக்கொண்டிருந்தார். லோஜனா திரும்பி வடிவைப் பார்த்தார். வடிவு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

லோஜனா சக்கரத்தைப் பின்னால் உருட்டினார். வட்டங்கள் சுருங்கிக் கறுத்த புள்ளிகளாயின.

“எனக்குக் கண்ணாடி மாத்த வேணும் பிள்ளை” என்றார். “கிட்டடியில ஒண்டும் தெரியுதில்லை.” ஃப்ளொப்பியை வெளியே எடுத்து, அதன் மேல் மயூரதனின் பெயரை முத்து முத்தாக எழுதினார்.

கூட்டம் அட்டனில் கம்பனியின் விருந்தினர் பங்களாவில். ஐந்து தோட்டத் துரைமார், கொழும்பிலிருந்து வந்த இரண்டு இயக்குநர்கள், குறிப்பெடுக்க ஒரு செயலாளர். திருமதி அபேகோன் நடுவில். வடிவு மேசை ஓரத்தில் கம்பியூட்டருக்குப் பக்கத்தில் நின்றாள். மயூரதன் புது டை கட்டியிருந்தார்.

தேயிலைப் படம் போனது. பங்களா போனது. வரைபு வந்தது. மேல் நோக்கி ஏறும் ஒரு நேர்கோடு, அதைச் சுற்றிக் கறுத்த புள்ளிகள். பதினெட்டுக்கு ஒரு சிவப்புக் கோடு. அதற்குக் கீழே கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

“பன்னிரண்டு மாதம், ஒன்பது தொழிலாளர். சராசரி பத்தொன்பதரை” என்றார் மயூரதன். “பதினெட்டு என்பது அவர்களுக்குச் சிரமமே இல்லை.”

“படம் இந்த முறை தெளிவாக இருக்கிறதே” என்றார் திருமதி அபேகோன்.

மயூரதன் அதற்காகத்தான் ஒரு வருடம் காத்திருந்தார். “இது சும்மா தெளிவு இல்லை மேடம்” என்று சொல்லி, காட்சியை நிறுத்திவிட்டுச் சக்கரத்தை உருட்டினார். சிவப்புக் கோடு சுவர் அகலத்துக்கு வளர்ந்தது. உடையவில்லை. துரைமார் தலையாட்டினார்கள். “எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம்” என்று சொல்லி, திரையைப் பார்க்காமல் அவர்களையே பார்த்துக்கொண்டு, மேலும் உருட்டிப் புள்ளிகள் பக்கம் நகர்த்தினார்.

வடிவு திரையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த வட்டத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்டார் திருமதி அபேகோன்.

மயூரதன் திரும்பினார்.

“14-5” என்று திருமதி அபேகோனே வாசித்தார். “தேதியா? பக்கத்தில் 14-5. அது 16-5. கொஞ்சம் மேலே போங்கள். 22-4. 29-4.” கண்ணாடியை மேலே தள்ளினார். “மிஸ்டர் மயூரதன், ஜனவரி எங்கே?”

மயூரதனின் வாய் திறந்து மூடியது. கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. கை சக்கரத்தைப் பின்னால் உருட்டத் தொடங்கியது.

“அப்படியே விடுங்கள்.”

“மேடம், இது… என் உதவியாளர் ஏதோ பிழை விட்டிருக்கிறாள். தோட்டத்துப் பெண். கம்பியூட்டர் அவ்வளவாக…”

“கம்பியூட்டர் தெரியாதவளுக்கு இது வராது” என்றார் திருமதி அபேகோன். வடிவின் பக்கம் திரும்பினார். “மற்றப் பத்து மாதம் எங்கே?”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். வடிவு கைப்பையைத் திறந்து ஃப்ளொப்பியை எடுத்தாள். பேசுவதைவிட அது சுலபமாக இருந்தது. கம்பியூட்டர் முனகி முனகி வாசித்தது. எண்ணூற்று எழுபத்தொரு புள்ளிகள் திரையெங்கும் கொட்டின. நேர்கோடு கீழே விழுந்து பதினான்கில் நின்றது.

ஒரு துரை கதிரையில் நிமிர்ந்தார். “அடியில் ஒன்று கிடக்கிறதே, ஆறு கிலோ. அதைப் பெரிதாக்கு.” பெரிதாக்கினாள். 9-2. 212. “யார் இந்த 212? ஒரு நாள் முழுக்க ஆறு கிலோவா? இந்த மாதிரி ஆட்களை வைத்துக்கொண்டுதான் சராசரி இறங்குகிறது.”

மயூரதன் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு மூச்சு வந்தது. “அதைத்தான் நானும் மேடம்… சோம்பேறிகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால்…”

நம்பரைப் போட்டது வடிவின் கை. பழி வாங்குகிற அவசரத்தில் அம்மாவைத் தூக்கித் திரையில் போட்டிருக்கிறாள்.

“212 என் அம்மா” என்றாள்.

தன் குரல் இவ்வளவு கேட்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஆங்கிலம் நடுங்கியது. நிறுத்தவில்லை. மவுஸை நகர்த்தினாள்.

“அதே தேதியைப் பாருங்கள். 9-2, 207. ஏழு கிலோ. 9-2, 210. ஆறரை. 9-2, 215. ஏழு. ஒன்பது பேரும் இங்கேதான் கிடக்கிறார்கள். அன்று மலையில் கொழுந்து இல்லை, சேர். இதே 212 மே பதினான்கில் எங்கே என்று பாருங்கள்.” மேலே போனாள். “இருபத்திரண்டு கிலோ. அதே கைதான்.”

திருமதி அபேகோன் பேனாவை மூடினார்.

“பதினெட்டைப் பற்றி இன்று பேச வேண்டாம். இனிப் பேசுவதானால் இந்தப் பெண் தரும் படத்தை வைத்துப் பேசலாம்.” பிறகு மயூரதனிடம், “உங்கள் முதல் படத்தைப் போடுங்கள். அதில் என்னென்ன தேதிகள் இருக்கின்றன என்று கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும். எனக்கு அவ்வளவு தூரம் வாசிக்க முடியாது. நீங்கள் வாசியுங்கள். செயலாளர் எழுதுவார்.”

“எல்லாவற்றையுமா மேடம்?”

“ஆரம்பியுங்கள்.”

வடிவு கம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். மயூரதன் திரைக்குப் பக்கத்தில் நின்றார். முதல் வட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

“ஏப்ரல் ஒன்று. 204” என்றார் மயூரதன்.

அவள் நகர்த்தினாள்.

“ஏப்ரல் ஒன்று. 207.”

ஒரே நகர்த்தலில் பத்துப் பன்னிரண்டு வட்டங்களைத் திரைக்குள் கொண்டுவரலாம். அவள் ஒவ்வொன்றாகத்தான் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றையும் நடுவில் நிறுத்தினாள். லயத்துப் பெண்களின் நம்பர்கள் அவர் வாயிலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. இருபதாவதில் அவர் டையைத் தளர்த்தினார். முப்பதாவதில் குரல் கம்மியது. ஒரு துரை கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டு அறையில் பீங்கான்களை வைக்கும் சத்தம் கேட்டது. மயூரதன் ஒரு தடவை அவளைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் வேகமாகப் போனால் என்ன என்ற பார்வை. இரக்கம் வரும் என்று அவள் பயந்திருந்தாள். வரவில்லை. அவர் முகம் எப்படியிருக்கும் என்று ஒரு வருடமாக நினைத்திருந்தாளோ, அதைவிட நன்றாகவே இருந்தது.

“மே பதினான்கு. 212” என்றார் அவர். குரல் காற்றாகத்தான் வந்தது.

“கேட்கவில்லை சேர்” என்றார் செயலாளர்.

“மே பதினான்கு. 212.”

அறுபத்தொன்றாவதில் திருமதி அபேகோன் கையை உயர்த்தினார். “போதும். விளங்கிவிட்டது. சாப்பிடப் போகலாம்.”

கதிரைகள் நகர்ந்தன. துரைமார் எழுந்தார்கள். மயூரதன் கைக்குட்டையை எடுத்து நெற்றியில் வைத்தார்.

வடிவு காது கேட்காதவள் போல இருந்தாள். அடுத்த வட்டத்தை நகர்த்திக் கொண்டுவந்து, திரையின் நடுவில் நிறுத்தி, அவரைப் பார்த்தாள்.